திரைச்சீலை தைத்த நாள்

பார்வையக்கா யார் முகத்தையும் பார்த்துக் குறி சொல்ல மாட்டாள். அதுதான் அவளுக்கு இருந்த பெரிய பேர். மற்றவர்கள் வந்தவரின் கண்ணைப் பார்ப்பார்கள், உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், உதடு துடிக்கிறதா என்று கவனிப்பார்கள். அப்படிப் பார்த்துச் சொல்ல யாருக்குத்தான் தெரியாது? இவள் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வந்தவர் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். கேட்டதை அவள் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்வாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இருக்காது. பிறகு பதில் வரும், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக.

அவள் உரக்கத் திருப்பிச் சொன்னது எந்தத் தெய்வத்தின் காதுக்காகவும் அல்ல. முன்னறையில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் காதுக்காக.

முன்னறை தையல்கடை. ஒரு மிஷின், வெட்டுவதற்கு ஒரு நீளமேசை, இஸ்திரிப்பெட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. உள்ளறைக்கும் அதற்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் பாபின் உருண்டு விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும். மிஷின் நிறுத்தாமல் நீளமாக ஓடினால் ‘ஆமாம்’ என்று அர்த்தம். விட்டு விட்டு இரண்டு முறை ஓடினால் ‘இல்லை’. ஓடவே இல்லையென்றால் பொதுவாக எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான். சொல்லி முடித்த பிறகு தப்பு என்று தெரிந்தால் தையல்காரர், “ஏம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடேன்” என்று உள்ளே குரல் கொடுப்பார். சொன்னதை மாற்று என்று பொருள். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போய், “இரு, இப்பத்தான் தெளிவாத் தெரியுது” என்று மறுபடி ஆரம்பிப்பாள். பதினெட்டு வருடத்தில் ஒன்பது பத்து தடவை அவர் தண்ணீர் கேட்டிருப்பார். ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை. தையல்காரருக்குத் தாகம் எடுக்கக் கூடாதா என்ன?

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், தையல்காரருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஊரில் பாதிப் பேரின் உடம்பு அவருடைய அளவு நோட்டில் இருந்தது. போன வருடம் முப்பத்தாறு, இந்த வருடம் முப்பத்திரண்டு என்றால் அந்த மனுஷனுக்கு உள்ளே ஏதோ அரிக்கிறது. ரவிக்கையைப் பிரித்துத் தைக்கச் சொல்லி வருகிற பெண்ணுக்கே தெரியாத சேதி அவருக்கு முதலில் தெரிந்துவிடும். அதோடு, கையை அகல விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவன், டேப்பு தன்னைச் சுற்றி வருகிற அந்த ரெண்டு நிமிஷத்தில் எதையாவது உளறாமல் போனதே இல்லை. அவர் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு ‘ம்’ கொட்டுவார். அவ்வளவுதான். கேட்டதெல்லாம் சேர்ந்து, ஒருநாள் மிஷினின் மிதி வழியாக உள்ளே போகும்.

இத்தனையும் கேட்டுவிட்டு, சரியான பித்தலாட்டக் குடும்பம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். கல்யாணமான புதிதில் அவளுக்கு நிஜமாகவே ஏதோ தெரியத்தான் செய்தது. சாயப்பட்டறைக்காரரின் மூன்று வயதுக் குழந்தையைக் காணோம் என்று ஊரே குளத்தில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தபோது, இவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தி, “அது பட்டறையில பழந்துணிக் குவியலுக்கு அடியில தூங்குதுங்க” என்றாள். போய்ப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டது சனி. மறுநாளிலிருந்து வாசலில் கூட்டம். ஆனால் அந்தப் பார்வை கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற வேலையாளா? வருடத்துக்கு ஒருமுறை வரும், ரெண்டு வருடம் வராமலும் இருக்கும். “ஒண்ணும் தெரியலம்மா” என்று அவள் சொன்னால் யாரும் எழுந்து போகவில்லை. ஏன் மறைக்கிறாய், எங்களுக்கு மட்டும் ஏன் வஞ்சனை என்று அழுதார்கள். அவர்கள் போனபிறகு இவள் அழுதாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தையல்காரர் ஒருநாள், எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், உனக்கு வந்தமாதிரி நீ சொல்லிவிடு என்றார். அப்படி ஆரம்பித்தது. வந்தவர்கள் மனம் ஆறிப் போனார்கள், வீட்டில் அடுப்பும் எரிந்தது.

பெஞ்சில் கால்சட்டைக்காகக் காத்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருமுறை சொன்னார், உலகத்தில் எந்த நாட்டுப் பழங்கதையை எடுத்தாலும் குறி சொல்கிறவர் ஒருவர் இருப்பார், ஊரை ஏமாற்றுகிறவன் ஒருவன் இருப்பான் என்று. ஒரு தேசத்தில் நரி போய் நெருப்பைத் திருடிக்கொண்டு வருமாம், இன்னொரு தேசத்தில் காக்கை சூரியனையே களவாடுமாம். குறி சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கண் தெரியாதாம், இல்லாவிட்டால் அவர்கள் சொல்வதை ஒருத்தரும் நம்ப மாட்டார்களாம். தையல்காரர் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, அந்த ஏமாற்றுக்காரர்கள் கடைசியில் என்ன ஆவார்கள் என்று கேட்டார். வாத்தியார் சிரித்தார். “பெரும்பாலும் ஒண்ணும் ஆக மாட்டாங்க. ஏமாந்தவங்கதான் எதாவது ஆவாங்க” என்றார். தையல்காரருக்கும் சிரிப்பு வந்தது, அன்றைக்கு.

இனி விஷயத்துக்கு வருவோம். ரெண்டு வருடத்துக்கு முன்னால் புது ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை தைக்கும் வேலை வந்தது. நாற்பத்திரண்டு திரை. மறுநாள் காலையில் திறப்பு. இன்றைக்கு யாரும் வர வேண்டாம், குறி கிறி எதுவும் கிடையாது என்று வாசலில் சொல்லி அனுப்பிவிட்டு அவர் மிஷினில் உட்கார்ந்தார். பச்சைத் துணி மடியிலிருந்து வழிந்து தரையெல்லாம் கிடந்தது. ஓரத்தை மடித்து ஊசிக்கடியில் கொடுத்து மிதித்தால், மூன்று கஜத்துக்கு நிறுத்தவே வேண்டியதில்லை. சட்டைபோல வளைவு நெளிவு கிடையாது. வெளியே வெயில் கொளுத்தியது. முதுகு நனைந்து பனியன் ஒட்டிக்கொண்டது. அவர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தார்.

ரொட்டிக்காரி அந்த நேரத்தில் பின்வாசல் வழியாக வந்தாள். பக்கத்துத் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும், நெருப்புப் பக்கத்திலேயே நின்று கன்னம் கறுத்துப்போனவள். தினமும் ஒரு ரொட்டியைப் பின்வாசலில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன் என்று போய் மூன்று வருடமாக ஒரு சேதியும் இல்லை. இப்போது பூட்டுக்காரர், மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன், அடுப்புக் கதவின் கீல் கழன்றதைச் சரிசெய்ய வந்தவர், தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். அவள் என்ன செய்வாள்? முக்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

“உன் வீட்டுக்காரன் உயிரோட இருக்கானா, திரும்பி வருவானான்னு கேக்குற” என்று பார்வையக்கா வழக்கம்போல உரக்கச் சொன்னாள். பின்வாசல் வழியாக ஆள் வந்தது முன்னறையில் இருந்தவருக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தெரியாதது என்று ஒன்று உண்டா? மிஷின் ஓடியது. நிற்காமல் ஓடியது. மூன்று கஜம் ஓடி, துணியைத் திருப்பும் நேரம் மட்டும் மூச்சு வாங்கிவிட்டு, இன்னும் மூன்று கஜம் ஓடியது. இவ்வளவு நீளமான ‘ஆமாம்’ அவள் கேட்டதே கிடையாது.

பாபினில் நூல் தீர்ந்து அவர் மிதியிலிருந்து காலை எடுத்தபோது உள்ளேயிருந்து குரல் தெளிவாகக் கேட்டது. “வருவான்மா. சத்தியமா வருவான். வேற எதையும் மனசுல நினைக்காத.”

யார் என்று எட்டிப் பார்ப்பதற்குள் ரொட்டிக்காரி முன்னறை வழியாகவே வெளியே வந்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள். தரையில் கிடந்த பச்சைத் துணியை மிதித்துவிடாமல் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டி, “அண்ணே, அவர் வந்துடுவாராம்” என்றாள்.

தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் அவள் புருஷன் வரமாட்டான் என்பது இந்த உலகத்தில் ஒருத்தருக்குத் தெரியுமென்றால் அது அவருக்குத்தான். ஊரைவிட்டுப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த லாரிக்காரன் அவரிடம் ஒரு கோட்டு தைத்துக்கொண்டான். உள்பக்கம் பாஸ்போர்ட் வைக்க ஒரு பாக்கெட், அதற்கு ஒரு பட்டன். மார்பளவு எடுக்கும்போதே கொட்டிவிட்டான், அங்கே ஒருத்தி இருக்கிறாள், திரும்பி வருகிற எண்ணம் இல்லை, வீட்டில் சொல்லிவிடாதீர்கள் அண்ணே என்று. அவர் குண்டூசியைக் கடித்துக்கொண்டு ‘ம்’ கொட்டினார்.

இப்போது என்ன செய்திருக்க வேண்டும்? தண்ணீர் கேட்டிருக்க வேண்டும். அது ஒன்றுதான். தொண்டை வறண்டும்தான் கிடந்தது. ஆனால் ரொட்டிக்காரியின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. மூன்று வருடத்தில் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இந்த நாற்பத்திரண்டும் முடியட்டும் என்று நினைத்தார். “சந்தோஷம்மா” என்றார். அவள் போய்விட்டாள். அவர் பாபினை மாற்றினார்.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. பூட்டுக்காரரிடம் அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, நாமாகப் போய்க் கிளறுவானேன், அவளாகவே ஒருநாள் புரிந்துகொள்வாள் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. அவள் ஏதோ அவருக்கு நிச்சயமாகத் தெரிந்துதான் அத்தனை நீளம் ஓட்டினார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை, “அவன் எங்க இருக்கானாம்? யாரு சொன்னா உங்களுக்கு?” என்றுகூடக் கேட்டாள். அவர் இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

ரெண்டு வருடம் அவர் தின்ற ஒவ்வொரு ரொட்டியும் அவள் கையால் பிசைந்தது. பின்வாசலில் வைத்துவிட்டு, “அக்கா புண்ணியம்” என்று சொல்லிவிட்டுப் போவாள். கடையில் ஒரு புதுப் பலகை அடித்தாள், அவர் வந்தால் உட்கார என்றாள். அவனுடைய பழைய சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்து, அங்கே நல்ல சாப்பாடாக இருக்கும், கொஞ்சம் சதை போட்டிருப்பார், பக்கத்தில் பிரித்துவிடுங்கள் அண்ணே என்றாள். அவர் பிரித்துக் கொடுத்தார். ஒரு சட்டை ரெண்டு சட்டை அல்ல, ஐந்து சட்டை. ஊசி எங்கே போகிறது என்று தெரியாமல் விரலில் குத்திக்கொண்டார்.

இந்த வருடம் மழைக்கு முந்தின புழுக்கத்தில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பூட்டுக்காரர் கால்சட்டையின் இடுப்பைக் குறைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ரெண்டு வருடத்தில் நாலு அங்குலம் இளைத்திருந்தார். தையல்காரர் டேப்பைச் சுற்றினார். பூட்டுக்காரர் கையை விரித்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல வாய் திறந்துகொண்டது.

“சனிக்கிழமையோட இந்த ஊரை விட்டுப் போறேண்ணே. தங்கச்சி ஊர்ல ஒரு கடை காலியா இருக்காம்.”

“ஏன் திடீர்னு?”

“திடீர்னு இல்ல. ரெண்டு வருஷமா தினம் காலையில அங்கதான் ரொட்டி வாங்குறேன். அவ பேப்பர்ல சுத்திக் குடுப்பா, நான் வாங்கிட்டு வருவேன். ஒரு நாள்கூட மறுபடி கேட்டதில்ல. பார்வையக்கா வாக்கு குடுத்துட்டாங்க, அதுக்கு மேல நான் யாரு? ஆனா இப்பல்லாம் அவளைப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுதுண்ணே. எங்கயாவது கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போயிட்டா நல்லதுன்னு தோணுது.”

தையல்காரர் அளவை எழுதினார். என்ன எழுதினார் என்று அவருக்கே தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் அந்தப் பெண் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வராதவனுக்காகக் காத்திருந்து, இருக்கிறவனையும் இழந்துவிடுவாள். ரெண்டுமே தன் கால் மிதித்த மிதியால். அவ்வளவு பெரிய மனுஷன், ஊர்க் கதையெல்லாம் தெரிந்தவர், வெட்டுமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குறுக்கு வழியே பழகின புத்தி, முதலில் அங்கேதான் போயிற்று. பார்வையக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாளைக்கு ரொட்டிக்காரியைக் கூப்பிட்டு, இப்போது வேறுமாதிரி தெரிகிறது என்று சொல்லிவிடேன் என்றார், என்னவோ உப்பு கொஞ்சம் குறைத்துப் போடு என்கிற மாதிரி.

“என்னன்னு சொல்லணும்?”

“செத்துட்டான்னு சொல்லேன். சாலையில அடிபட்டு.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நிஜமா செத்துட்டானா?”

அவர் தரையில் கிடந்த காய்த்தோலைப் பொறுக்கினார்.

“உங்களைத்தாங்க கேக்குறேன்.”

அதற்குமேல் அவரால் மென்று விழுங்க முடியவில்லை. கோட்டு, உள்பாக்கெட், அங்கே இருக்கும் பெண், நாற்பத்திரண்டு திரைச்சீலை, பின்வாசல், கேட்காத தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்தபோது அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை.

“அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுதுங்க” என்றாள் மெதுவாக.

“என்ன தெரிஞ்சுது?”

“அவ கேட்டு முடிக்கல, எனக்குத் தெரிஞ்சுது. நாலு வருஷமா ஒண்ணுமே வராம இருந்து, அன்னைக்கு வந்துச்சு. ஒரு ஆம்பளை, புதுக் கோட்டு போட்டவன், முதுகு மட்டும் தெரியுது. போய்க்கிட்டே இருக்கான். திரும்பவே இல்ல. பழுப்பு நிறக் கோட்டு. சரிதானே?”

பழுப்பு நிறம்தான். இதை அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

“அப்ப ஏன் சொல்லல நீ?”

“உங்க மிஷின் நிக்கவே இல்லையே.” அவள் நறுக்கின காயை ஓரமாகத் தள்ளினாள். “நான் பாத்தது பொய், உங்களுக்குத் தெரிஞ்சதுதான் நிஜம்னு நினைச்சேன். பதினெட்டு வருஷமா அப்படித்தானே இருந்துச்சு. எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லாமப் போச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வரலங்க. இந்த ரெண்டு வருஷமும் ஒண்ணும் வரல.”

தையல்காரர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையை விலக்கிக்கொண்டாள். இன்னொரு பொய்யால் இதைத் துடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். செத்துப்போனான் என்று சொல்லி அந்தப் பெண்ணை ஒப்பாரி வைக்க விடுவதா, அவன் எங்கேயோ பிள்ளைகுட்டியோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது? “நீங்க போய் உங்க வாயால சொல்லுங்க. என்னைப் பத்தியும் சேத்துச் சொல்லுங்க. ஊரே வந்து மூஞ்சில துப்பினாலும் பரவாயில்ல.”

வெள்ளிக்கிழமை காலையில் அவர் ரொட்டிக்கடைக்குப் போனார். அடுப்பு தணிந்து, முதல் ஈடு விற்றுத் தீர்ந்து, அவள் ரெண்டாவது ஈட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. மாவைத் தூக்கி மேசையில் அறைந்து, மடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மறுபடி அறைந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அவனுக்காக அடித்த அந்தப் பலகையையே காட்டி உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னார். பூசி மெழுகாமல் சொன்னார், அந்த மட்டுக்கும் அவரைப் பாராட்ட வேண்டும். கோட்டைப் பற்றிச் சொன்னார். மிஷினின் மிதியைப் பற்றிச் சொன்னார், நீளமாக ஓட்டினால் என்ன, விட்டு விட்டு ஓட்டினால் என்ன என்று. அன்றைக்கு ஓட்டியது வெறும் திரைச்சீலை என்றார். பூட்டுக்காரர் நாளைக்கு ஊரைவிட்டே போகிறார் என்றும் சொன்னார். அவள் மாவு பிசைவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரக்கப்படுகிற மாதிரி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“பூட்டுக்காரர் அனுப்பினாராண்ணே?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

“அவர் நல்லவர்தான். நீங்களும் அவருக்கு ஒரு வழி பண்ணணும்னு பாக்குறீங்க, எனக்குப் புரியுது. அதுக்காக அக்காவை இப்படிச் சொல்லலாமா? தெய்வக்குத்தம்ணே. அந்தச் சாயப்பட்டறைக் குழந்தையைக் கண்டுபிடிச்சதும் உங்க மிஷின்தானா?”

ஊரையே நம்பவைத்தவருக்கு ஒரே ஒரு ஆளை நம்பவைக்க முடியவில்லை. அவர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவும் அவளுக்குப் பொய்யாகவே பட்டது. கடைசியில் அவள் சூடான ரொட்டி ஒன்றைச் சுற்றி அவர் கையில் திணித்தாள். “அக்காகிட்ட குடுங்க. அப்படியே கேட்டுச் சொல்லுங்க, இந்த மழைக்குள்ள வந்துடுவாரான்னு.”

அந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்ததைப் பார்த்தவர்கள், தையல்காரருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார்கள். கேள்வியைப் பெண்டாட்டியிடம் அப்படியே ஒப்பித்தார். அவள் கேட்டுவிட்டு எழுந்து, செருப்பைத் தேடினாள். வீட்டைவிட்டு வெளியே போய்ப் பழக்கமில்லாதவள், ஒரு செருப்பு கட்டிலுக்கடியில் கிடந்தது, இன்னொன்றை அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரெண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

பார்வையக்கா தன் கடை வாசலில் நிற்பதைக் கண்டதும் ரொட்டிக்காரி பதறி அடித்துக்கொண்டு வந்து பலகையைத் துடைத்தாள். அக்கா அதில் உட்கார்ந்ததும், குறி கேட்க வந்தவள்போலத் தானே பழக்கதோஷத்தில் அவள் முதுகுப்பக்கம் போய் நின்றாள். பார்வையக்கா கையை நீட்டி அவளை இழுத்து முன்னால் நிறுத்தினாள். வாக்குச் சொல்லும் முன் ஒருத்தர் முகத்தை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

“அவர் சொன்னதெல்லாம் நிஜம்மா. நான் உன்கிட்ட சொன்னதுதான் பொய். அவன் வரமாட்டான்.”

ரொட்டிக்காரி பலகையைத் துடைத்த துணியை நாலாக மடித்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது. போறவனோட முதுகைப் பாத்தேன். சொல்லாம விட்டுட்டேன். அதுக்கு என்ன தண்டனை குடுத்தாலும் குடு.”

அடுப்பில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. ரொட்டிக்காரி போய்ப் பார்த்து, தட்டை வெளியே இழுத்தாள். அடிப்பக்கம் கறுத்துப்போயிருந்த பத்துப் பன்னிரண்டு ரொட்டியை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டாள். பிறகு திரும்பாமலே, தையல்காரரைக் கேட்டாள்.

“அந்தக் கோட்டு அவருக்கு நல்லா இருந்துச்சாண்ணே?”

என்ன சொல்வது? “நல்லா இருந்துச்சும்மா” என்றார். நன்றாகத்தான் இருந்தது. தோள்பட்டை பிசிறில்லாமல் உட்கார்ந்திருந்தது. தன் வேலையைப் பற்றி அவருக்கே அன்று பெருமையாக இருந்தது. அதை இப்போது நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“அஞ்சு சட்டையைப் பிரிச்சுக் குடுத்தீங்களே” என்றாள். “ஒரு சட்டையிலகூட உங்களுக்குச் சொல்லணும்னு தோணலையா?”

அவர் அழுதார். ஐம்பத்திரண்டு வயது ஆள் கடை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. தண்ணீர்த் தொட்டியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், மாவு போன பிறகும் கழுவினாள். மாவு படாமலிருக்கச் சேலைமேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். பூட்டுக்காரர் நாளைக் காலையில்தானே போகிறார் என்று கேட்டாள். ஆமாம் என்றார். பார்வையக்காவைப் பார்த்து, “கொஞ்ச நேரம் கடையைப் பாத்துக்கங்க” என்றாள். அக்கா என்ற வார்த்தை வரவில்லை. தையல்காரரைப் பார்த்து, “நீங்க வாங்க. ரெண்டு வருஷம் முடியாதுன்னு சொன்னவ இப்ப போய் நின்னா அவர் என்ன நினைப்பாரு? ஏன்னு நீங்க சொல்லணும்” என்றாள்.

போனார்கள். அவள் முன்னால், அவர் ரெண்டு எட்டு பின்னால். மழை பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. அவள் வேகமாக நடந்தாள், சந்து திரும்பியதும் கிட்டத்தட்ட ஓடினாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த ஆசையை அப்போதுதான் தையல்காரர் பார்த்தார். இரும்புச் சாமான் கடைக்குப் பின்னால் பூட்டுக்காரரின் அறை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுவரில் சாவிகள் மாட்டியிருந்த ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன. தரையைப் பெருக்கி, குப்பையை ஒரு மூலையில் அழகாகக் குவித்திருந்தது.

கொடியில் காய்ந்த துணிகளை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்த பக்கத்து அறைக்காரி, சாமான் ஏற்றுகிற வண்டி இன்றைக்கே கிடைத்துவிட்டது, காலையிலேயே போய்விட்டார் என்றாள். எந்த ஊர் என்று கேட்டார்கள். தங்கச்சி ஊர் என்றார், பேர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். தையல்காரருக்கும் அந்த ஊர்ப் பேர் தெரியாது. அவ்வளவு வாயைப் பிடுங்கத் தெரிந்தவர், அன்றைக்கு அளவு எடுத்தபோது அதை மட்டும் கேட்காமல் விட்டிருந்தார்.

ரொட்டிக்காரி வாசற்படியில் நின்றாள். மழை அவள் தலைமேல் விழுந்தது. தையல்காரர் தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார், அவள் வாங்கவில்லை. அந்த வெறும் அறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பி, வேறு யாரைக் கேட்பது என்று தெரியாதவளாக, அவரிடமே கேட்டாள்.

“திரும்பி வருவாராண்ணே?”

வருவார் என்று சொல்ல அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கால்சட்டை இன்னும் கடையில்தான் இருக்கிறது, அதை வாங்கவாவது வருவார் என்று சொல்லலாம். சொன்னால் அந்த முகம் கொஞ்சம் தெளியும். பதினெட்டு வருடம் அதைத்தானே செய்தார்.

“தெரியாதும்மா” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

“இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே” என்றாள்.